ஆறு முடிச்சு மண்ணும் ஆறு தட்டு வல்லாரையும்

அனுப்புநர்:
திருமதி மரிஸ்ரெலா எமிலியானுஸ்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒடென்சே.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தாவரப் பரிசோதனைப் பிரிவு,
எல்லைச் சரக்கு நிலையம்.

விடயம்: பிரித்தானியாவிலிருந்து வந்து தடுத்து வைக்கப்பட்டுள்ள ஆறு தட்டு வல்லாரையை அழிக்காமல் விடுவிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இந்த மனுவை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுத மூன்று தடவை முயன்றேன், முடியவில்லை. நேற்று மாலை தங்கள் அறிவித்தலின் பின்பக்கத்தில் ஒரு வரியைக் கண்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வரியைப் பிறகு சொல்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கணக்கைக் கவனிக்கமாட்டார்கள்.

2. என் அயலவர்களான யசிந்தாவும் அவர் கணவர் றொபேட்டும் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார்கள். ஓய்வு நேரத்தில், நகருக்கு வெளியே பூச்செடி வளர்க்கும் டெனிஷ்காரர் ஒருவரின் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு மேசைகளை வாடகைக்கு எடுத்து வல்லாரை பயிரிடுகிறார்கள். வல்லாரை என்பது வட்ட இலையுள்ள, நிலத்தில் ஊர்ந்து படரும் கீரை. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்வோம். ஒடென்சேயில் நாற்பது தமிழ் வீடுகளுக்கு அவர்களின் மேசைதான் தோட்டம். சென்ற குளிர்காலத்தில் கூடத்தின் சூட்டைக் குறைத்ததால் ஒரு வேர்கூட மிஞ்சாமல் எல்லாம் அழுகிப்போயின.

3. யசிந்தாவின் தமக்கை சுஜாந்தினி, இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் ஒரு மரக்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளர். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், பருவத்துக்கு வந்து காய் பறிக்கும் ருமேனியரும் போலந்துக்காரரும் வருவது குறைந்தது. தக்காளி கொடியிலேயே பழுத்து விழுந்தது. இந்த வசந்தத்தில் பண்ணைக்காரர் தம் கண்ணாடிக் கூடத்தைக் கழற்றிவிட்டார். அதன் மூலையில் சுஜாந்தினி வளர்த்த வல்லாரைக்கு இடமில்லாமற் போனது. அவர் அதை அப்படியே பெயர்த்து, ஆறு தட்டுகளில் வைத்துத் தங்கைக்கு அனுப்பினார். எனவே, ஐயா, திருப்பி அனுப்பினால் அவற்றைப் பெற அங்கே பாத்தி இல்லை. அழித்தால் எங்கள் இரு கரையிலும் வேறு செடி இல்லை.

4. முன்பு இப்படி அனுப்ப ஒரு கடிதமும் வேண்டியதில்லை. உதாரணம் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் மன்னாரில் படிப்பித்த பாடசாலையில் ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்புகள் இருந்தன. என்னிடம் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி முடிந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கையை நீட்டித் தருவார். பிறகு நடுவே தட்டி வைத்து மறைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வெண்கட்டிக்காக வாசலால் போய், அதிபரிடம் கையொப்பம் வாங்கி, மறு வாசலால் வர வேண்டியிருந்தது. வெண்கட்டி பழைய வெண்கட்டிதான். தட்டி வைத்தவர்களுக்கும் காரணம் இருந்தது, சத்தம் குறைந்தது. ஆகவே நான் தட்டியைக் குறைசொல்ல வரவில்லை. நாங்கள் வாசலால்தான் வந்தோம், கையொப்பத்தோடுதான் வந்தோம் என்று காட்டவே வந்தேன்.

5. இனி எங்கள் தவறு. இங்கிலாந்தில் வேர்களைக் கழுவி, தென்னை நாரில் வைத்து, பரிசோதகருக்குக் காட்டி, தாவர நலச் சான்றிதழும் பெற்றாயிற்று. ஆனால் எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு: செடி கொடுக்கும்போது, அது நின்ற இடத்து மண்ணில் ஒரு பிடியும் சேர்த்துக் கொடுப்போம், புது இடத்தில் அது முகம் வாடாதாம். பெட்டியை மூடும் நேரத்தில் சுஜாந்தினிக்கு மனம் கேட்கவில்லை. தட்டுக்கு ஒரு பிடியாக ஆறு பிடி மண்ணைத் தனித்தனிப் பிளாஸ்ரிக் பைகளில் கட்டி, அவற்றின்மேல் துணியால் ஆறு முடிச்சாக முடிந்து, உள்ளே வைத்துவிட்டார். அந்த மண்தான் தடை செய்யப்பட்ட பொருள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

6. தங்கள் அலுவலர்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடிக்கவே தேவையில்லாமற் போயிற்று. சுங்கப் படிவத்தில் சுஜாந்தினியே எழுதியிருந்தார்: “மண், ஆறு பிடி, அக்காவிடமிருந்து.” அப்படி எழுதச் சொன்னவள் நான். “பிள்ளை, ஒண்டையும் மறைக்காதை, உள்ளதை உள்ளபடி எழுது” என்று தொலைபேசியில் பாடம் நடத்தினேன். அறிவித்தல் வந்த அன்று றொபேட் என் வாசலில் நின்று, “ரீச்சர் சொல்லிக்குடுத்தா, மச்சாள் எழுதிப்போட்டா, வல்லாரை மறியலிலை!” என்றார். யசிந்தா, “சிரியாதேங்கோ, அது சாகப்போகுது” என்று அழுதார்.

7. அது சாகவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் பரிசோதகர் மரினா அவர்கள் அன்போடு யசிந்தாவைத் தொலைபேசியில் அழைத்தார். தட்டின் விளிம்பைத் தாண்டிக் கொடிகள் பக்கத்துப் பெட்டியை நோக்கிப் போகின்றனவாம். அதற்கும் ஒரு படிவம் வேண்டுமா என்று கேட்டுச் சிரித்தாராம். செய்தி அன்று மாலையே நாற்பது வீடுகளுக்கும் எட்டிவிட்டது. தடுப்புக் காவலில் தளிர்விட்ட கீரை என்று அதைக் கொண்டாடுகிறோம்.

8. இப்போது அந்த வரி. அறிவித்தலின் முன்பக்கத்தில் இரண்டு கட்டங்களே உள்ளன: அழித்தல், திருப்பி அனுப்புதல். பின்பக்கத்தைச் சிவப்புப் பேனையோடு மூன்றாம் முறை வாசித்தேன், பழக்கதோஷம். பந்தி பதினொன்று, சிறிய எழுத்து: தடை செய்யப்பட்ட பொருள் தனியே பொதிந்திருந்தால், அதை மட்டும் அகற்றி மீதியை விடுவிக்கப் பணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. ஐயா, அது தனியே பொதிந்திருக்கிறது. ஆறு பிடி என்று எழுதினோம், ஆறு முடிச்சு இருக்கிறது. ஒன்றும் அவிழவில்லை என்று மரினா அவர்களும் உறுதி செய்திருக்கிறார். உண்மையை எழுதியதால் அகப்பட்டோம்; அதே உண்மையால் விடுபடலாம் போலிருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் நான் சமையலறையைச் சுற்றி ஓடினேன்.

9. அழிப்பதற்கு விதித்த நாள் யூன் 10. இடையில் அரசியலமைப்பு நாளும் பெந்தக்கோஸ்துத் திங்களும் விடுமுறை. சனி, ஞாயிறையும் கழித்தால், அந்த நாளையும் சேர்த்து மூன்று வேலை நாட்களே உள்ளன. ஆகவே பந்தி பதினொன்றின்படி முடிச்சுகளை அகற்றி, வல்லாரையை விடுவிக்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். மண்ணை எரித்துவிடுங்கள். அதைச் சுஜாந்தினிக்குச் சொல்லத் தயங்கினேன். அவர் சொன்னது: “மண் போனால் போகட்டும் ரீச்சர். கீரை அங்கத்தைய மண்ணைப் பழகும். நாங்கள் பழகேல்லையோ?”

தங்கள் ஒரு கையொப்பத்துக்காக நாற்பது வீட்டில் தேங்காய் துருவக் காத்திருக்கிறோம்.

இணைப்புகள்: தாவர நலச் சான்றிதழின் பிரதி; பந்தி பதினொன்று, சிவப்புக் கோட்டுடன்; யசிந்தாவின் மகள் ஜெசிக்கா செய்த டெனிஷ் மொழிபெயர்ப்பு (நீளம் கருதி வெண்கட்டி உதாரணத்தை விட்டுவிட்டாள்; தயவுசெய்து யாரையாவது கொண்டு தமிழில் வாசிப்பிக்கவும்); மரினா அவர்கள் கேட்ட சம்பல் செய்முறை, கீரை இல்லாமல்.

இடம்: ஒடென்சே
திகதி: 03 யூன் 2025

நம்பிக்கையோடும் இன்னும் அடங்காத சிரிப்போடும்,
ம. எமிலியானுஸ்
(ஒப்பம்)