அப்பா தட்டுப் பயறு

ஜூலை 4

இன்றும் மலத்தில் ரத்தம். தடயமே இல்லாமல் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். அப்பாவின் ஒரே அக்கா. குடலில் புற்று; போன வருடம் போய்விட்டார். எனக்கும் அதுதானா? பதினாலு வயசுல வருமா?

அம்மாவிடம் சொன்னால் அப்பா காதுக்குப் போய்விடும். மாரடைப்பு வந்து அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணனுக்கு அதிர்ச்சி தர்ற மாதிரி யாரும் எதுவும் சொல்லிடாதீங்க" என்று சித்தப்பா வாசலில் நின்று சொன்னார். என்னைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

ஜூலை 6

தினமும் அவித்த பயறு. அதிலுள்ள நார் அப்பாவின் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், மலச்சிக்கலும் வராது என்றாராம் டாக்டர். அப்பா முக்கக் கூடாதாம், இதயத்துக்கு ஆகாது. அவர் கழிப்பறைக்குள் போனால் அம்மா கதவருகே காவல் நிற்கிறாள்.

"ஏங்க, முக்காதீங்க."

"நீ அங்க நின்னா வர்றதும் வராது. போடி."

சாப்பிடும்போதும் சண்டை. "இதை மனுஷன் திம்பானா? நான் என்ன குதிரையா?"

"குதிரைக்கு மாரடைப்பு வந்து கேட்டிருக்கீங்களா? பேசாம சாப்பிடுங்க."

அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்ததும் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டுக் கண்ணடித்தார். வீடு திரும்பிய பிறகு அப்பா சிரித்தது இன்றுதான். அதனால் அத்தனையையும் தின்றேன்.

ஜூலை 9

வலி. உட்காரவே முடியவில்லை.

ஜூலை 11

பள்ளியில் பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. போன வருடம் நான் உள்ளே இருக்கும்போது யாரோ தள்ளித் திறந்துவிட்டார்கள். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் நான் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டிலை அப்படியே கொண்டுவந்து மாடிப்படியோரச் செடிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். "இந்தச் செடிக்கு என்ன வந்துச்சு, இப்படித் தளதளன்னு நிக்குது?" என்கிறாள் அம்மா.

குடலுக்கு நார்ச்சத்து நல்லது என்று அறிவியல் பாடத்தில் இருக்கிறது. அதனால் அப்பா தள்ளுவதையெல்லாம் தின்கிறேன். இப்போது அவர் முழுசையும் தள்ளுகிறார். எனக்குத்தான் இன்னும் மோசமாகிறது. நல்லதைத் தின்னும் மோசமாகிறதென்றால் — அப்போ அத்தையோடதுதான்.

ஜூலை 12

தூங்கப் பயமா இருக்கு.

ஜூலை 15

மாலையில் நான் உள்ளே இருந்தேன். வலி தாங்காமல் முனகிவிட்டேன் போல. வெளியே அம்மாவின் குரல்: "ஏங்க, எத்தனை தடவை சொல்றது? முக்காதீங்க."

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

கூடத்திலிருந்து அப்பா: "நான் இங்க இருக்கேன்டி. யார்கிட்ட பேசற?"

பிறகு கதவில் ஒரு கை பட்டது. "பாப்பா?"

சொன்னா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும். சொல்லலேன்னா எனக்கு ஆயிடும். கதவைத் திறந்தேன். இன்னும் கழுவியிருக்கவில்லை. அம்மா பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பாவும் பார்த்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா, வலிக்குதா?"

"எங்கக்காவும் இப்படித்தான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ஜூலை 16

புற்று இல்லை. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: மலம் கல்லாக இறுகிக் கிழித்த கீறல். மருந்து தடவினால் ஆறிவிடும். ஆறாவிட்டால் உடனே வர வேண்டும்.

"என்ன சாப்பிடற?"

"பயறு. நிறைய."

"தண்ணி?"

இல்லை என்று தலையாட்டினேன். "நார் தண்ணிய இழுத்து வச்சுக்கிட்டாத்தான் இளகும். தண்ணியே குடிக்காம பயறைத் தின்னா உள்ளயே அடைச்சுக்கும். ஏன் குடிக்கறதில்ல?"

தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அழுதாள். நிறைய என்றால் எவ்வளவு என்று டாக்டரம்மா கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"என் பங்கும் அவ தட்டுலதான் போச்சு" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்த பார்வை! அழுகை நின்றே போனது.

ஜூலை 20

அப்பா தச்சர். இன்னும் வேலைக்குப் போகக் கூடாது. ஆனாலும் இன்று, விடுமுறை நாளில், அம்மா தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்க, சித்தப்பா பையைத் தூக்கிவர, பள்ளிக்கு வந்தார். சித்தப்பாதான் துளை போட்டார். அப்பா முக்காலியில் உட்கார்ந்தபடி எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாளைத் திருகினார். ஒவ்வொன்றையும் போட்டுத் திறந்து பார்த்தார்.

"உள்ள போய்ப் போட்டுப் பாரு, பாப்பா."

போட்டேன். வெளியிலிருந்து தள்ளினார். அசையவில்லை.

ஆகஸ்ட் 19

ரத்தம் நின்று நாளாகிவிட்டது. அப்பாவுக்குக் கொழுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மாத்திரையா பயறா என்று கேட்டதற்கு, "ரெண்டையும் விடாதீங்க" என்றாராம் டாக்டர். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்கிறார். அவர் தட்டு காலியாகும்வரை அம்மா எழுந்திருப்பதில்லை.

சாயங்காலம் படியில் நின்று அம்மா சொன்னாள்: "நல்லா இருந்த செடி ஏன் இப்படி வாடிக் கிடக்குது?"

பையிலிருந்த பாட்டிலை எடுத்தேன். சொட்டு இல்லை. உள்ளே போய்க் குழாயில் பிடித்துவந்து ஊற்றினேன்.