அரிசி டப்பாவில் கண் மருந்து

அன்பு மகள் செர்வாவுக்கு,

காலையில் எழுந்ததும் அரிசி டப்பாவைத் துழாவி, உன் பெரியம்மா ஒளித்துவைத்த கண் மருந்தை எடுத்துச் சொட்டு விட்டுக்கொண்டேன். ஆறு வருடமாக எனக்குக் கண் அழுத்த நோய். உனக்குச் சொல்லவில்லை. பக்கவாட்டில் போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காக்கத்தான் இந்த மருந்து.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நம் வழக்கப்படி கதவு தட்டி உன்னைப் பெண் கேட்கக் குமாசியில் நம் வீட்டுக்கு வருகிறார்கள். குடும்பத்தில் குருடு உண்டா என்று விசாரிப்பார்களே!

“நாலு நாள் சொட்டு விடலேன்னா செத்தா போயிடுவ? வாயை மூடிக்கிட்டுச் சிரிடி!” என்கிறாள் பெரியம்மா.

களைப்பாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். உடனே உன் கண்ணைக் காட்டு. இப்போது மறைத்தால், நாளை நீயும் புருஷன் வீட்டில் ஒளிந்து ஒளிந்துதான் மருந்து விடவேண்டும்.

அவர்கள் கேட்காவிட்டாலும் சனிக்கிழமை நானே சொல்லிவிடுவேன். இந்த முடிவு இன்னும் யாருக்கும் தெரியாது.

உன் அம்மா