அறுபது என்று சொன்ன பொய்

அன்பின் ஷெறினுக்கு,

நீரும் பிள்ளைகளும் பேசாலையில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் திருகோணமலையில் நலம்.

துறைமுகத்தில் மறுபடி இரத்தம் சோதித்தார்கள். நான்கு மாதம் தினமும் காலையில் நடந்தும், மீன் எண்ணெய்க் குளிசை விழுங்கியும், நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டிய என் நல்ல கொழுப்பு இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குத்தான் ஏறியிருக்கிறது. பயப்பட வேண்டாம். சிலருக்கு அது பரம்பரையாம், நடையை விட வேண்டாம் என்றார் டொக்டர்.

என்னோடு இழுவைப்படகில் வேலை செய்யும் கிண்ணியா ரிஷாத் தினமும் பொரித்த இறைச்சி தின்பவன். அவனுக்கு அந்த நல்ல கொழுப்பு அறுபத்திரண்டு. பொறாமை தாங்காமல், "எனக்கும் அறுபதுக்கு ஏறிட்டுது" என்று பொய் சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. "அந்தக் குளிசைப் பேரைச் சொல்லுங்க அண்ணன். என்ட மனிசி நிப்லாவுக்கு இருபத்தேழுதான். பயந்துபோய் இருக்கா."

வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. மறுநாள் நிப்லா தனக்கு அவித்த மீனில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டிருந்தா. உப்புக் குறைத்துப் பக்குவமாக அவித்திருந்தா. அப்படிச் சமைக்க வீட்டில் ஆள் இருக்கிறதே என்று, சாப்பிடும்போதும் அவன்மேல் பொறாமைதான் வந்தது.

அலுமாரியின் கீழ்த்தட்டில் என் சப்பாத்து இருக்கிறது, காலை நடைக்குப் போட வேண்டும், அனுப்பும். பள்ளிக்கூட லீவுக்கு வர ஏலுமென்றால் தபாலில் போட வேண்டாம், நீரே கொண்டு வாரும். படகுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உம்முடைய,
மெல்ரோய்