பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன தேதி

19-11-2024

கெமிஸ்ட்ரி மிஸ் இன்று வருகைப் பதிவேட்டில் “இசைவாணி” என்று கூப்பிட்டதும் வகுப்பில் எட்டுப் பேர் “யெஸ் மிஸ்” என்றார்கள். என் ஏற்பாடு. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மிஸ் நிதானமாக எட்டுப் பேரையும் எண்ணிவிட்டு, எனக்கு ஆப்சென்ட் போட்டார். ப்ளஸ் டூ முடிவதற்குள் அவரை ஜெயிக்க வேண்டும்.

சிதம்பரத்தில் பஸ் ஏறி கீரப்பாளையம் வந்து இறங்கினால், அம்மா வாசலிலேயே நிற்கிறாள். “உங்கப்பா இன்னிக்கி அப்ளிகேசன் குடுத்துட்டாருடி.”

ஜப்பானில் பத்து வருஷம் ஒழுங்காக இருந்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அப்பா அங்கே ஒரு இந்திய ஓட்டலில் சமையல். போன மாதத்தோடு பத்து முடிந்தது. ஒரு நாள் வரி பாக்கியில்லை, பச்சை விளக்கு எரியாமல் ரோட்டைக்கூடத் தாண்டியதில்லை. ஊருக்கு வந்தது நாலே தடவை. ஒரேயடியாக நிறைய நாள் இங்கே தங்கினால் எண்ணிக்கை முறிந்துவிடுமாம். விண்ணப்பம் பலித்தால் அம்மா, நான், தம்பி அன்பரசு, மூன்று பேரும் போகலாம்.

ஜப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். நடுவில் அப்பா இருக்கிறார். வெளியே எடுத்தால் மிச்சம் ஒன்றும் தேறாது.

2-12-2024

ஜப்பானிய அரிச்சுவடியில் எழுத்து நாற்பத்தாறு. நம்முடையது இருநூற்று நாற்பத்தேழு. அப்புறம் ஏன் அவர்களை உழைப்பாளிகள் என்கிறார்கள்? யூடியூபில் பத்து எழுத்து கற்று, என் ரூம் சுவரில் பேனாவால் எழுதி வைத்தேன். அன்பரசு இரண்டு கற்றுக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறான்.

12-1-2025

வீடியோ கால். அப்பா முகம் சரியில்லை. நெட் சரியில்லை என்று நினைத்தேன்.

அங்கே விண்ணப்பம் எழுதித் தரும் ஜப்பான்காரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் பாஸ்போர்ட் நகல்களைப் புரட்டியவர் என்னுடையதில் நின்றுவிட்டாராம். முடிவு வர எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகும். அதன் பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனு போட முடியும். அப்போது பதினெட்டு முடியாத பிள்ளைகள்தான் கணக்கு. எனக்கோ வருகிற ஜூன் இரண்டாம் தேதி முடிகிறது.

“அது ஸ்கூலுக்குச் சொன்ன தேதிங்க. இவ மார்ச்சுல பொறந்தவ. இன்னும் பதினேழே ஆவல” என்றாள் அம்மா.

“எனக்குத் தெரியாதா மாலதி. பாஸ்போர்ட்டுல அதான இருக்கு.”

“இப்பவே கூட்டிக்கினு போனா இன்னா?”

“அதுக்கு மொதலாளி பேப்பர் குடுக்கணும். ஆறு பேரு ஒரே ரூம்புல படுத்திருக்கோம், குடும்பமான்னு சிரிக்கிறாரு.”

நான் பிறந்தது 9-3-2008. பாஸ்போர்ட்படி 2-6-2007. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் உண்டு. ஒன்று கேக்குக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு. அரசாங்கத் தேதி ஆளை அடிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

13-1-2025

யார் அந்தத் தேதியைச் சொன்னது என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

2011. அம்மாவுக்கு ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. அப்பா அப்போது சிதம்பரத்தில் தோசை மாஸ்டர். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எல்.கே.ஜி.யில் சேர்த்தால் கூடவே கூட்டிப் போகலாம், ஆனால் நாலு வயது முடிந்திருக்க வேண்டும். எனக்கு மூன்றே கால். பள்ளி திறந்த அன்று அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய், இன்றோடு நாலு முடிகிறது என்று சொல்லிவிட்டார். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

“ஒரு வருசம் முன்னாடி படிச்சா, ஒரு வருசம் முன்னாடி வேலைக்குப் போவும்னு சொன்னாருடி. பெருமையாத்தான் சொன்னாரு.”

பெருமைதான். ஒன்பது மாதம் அம்மா சுமந்தாள். இன்னொரு ஒன்பது மாதத்தை அப்பா என் தலையில் ஏற்றிவிட்டார்.

9-3-2025

பதினேழு. நிஜமாகவே. நாளை மறுநாள் பரீட்சை என்பதால் கேக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அப்பா கடையில் கூட்டம் போல. போன் வரவில்லை.

3-4-2025

பரீட்சை முடிந்ததும் அம்மா என்னைக் கடலூருக்கு இழுத்துப்போனாள். நான் பிறந்தது அங்கே பெரியாஸ்பத்திரியில். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அக்கா கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தார். 9-3-2008. பெண். தந்தை ஆரோக்கியராஜ், தாய் மாலதி. பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

“பேரே சேக்கலியாம்மா? பதினேழு வருசமா இன்னா பண்ணீங்க?”

“கூப்டுக்கினுதான் இருந்தாங்க” என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அந்த அக்கா பொறுமையாகச் சொன்னார். பெயர் சேர்ப்பது சுலபம். ஆனால் இதை வைத்துப் பள்ளிச் சான்றிதழில் தேதியை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் வைத்தால் ஆறு மாதமோ எட்டு மாதமோ. பிறகு மார்க் ஷீட், அப்புறம் ஆதார், பாஸ்போர்ட்.

பஸ்ஸில் அம்மா சான்றிதழை மடிக்காமல் மடியில் வைத்தபடியே வந்தாள். ஜன்னல் காற்றுக்கு அது பறக்கப் பார்த்தது. அம்மா விடவில்லை. “போட்ருவோம்டி கேஸ” என்றாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது. “தப்பா சொன்னோம், இப்ப சரியா சொல்றோம். அவ்ளோதான.”

அவ்வளவுதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது.

6-4-2025

அவ்வளவு இல்லை.

ஜப்பான்காரரிடம் அப்பா கேட்டிருக்கிறார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். கொடுத்த விண்ணப்பத்தில் என் தேதி ஒன்று. நடுவில் பாஸ்போர்ட் மாறினால் இன்னொன்று. எது பொய், யார் சொன்ன பொய் என்று கேட்பார்கள். பொய் சொன்னவர் என்று அப்பா பெயர் பக்கத்தில் விழுந்தால் பத்து வருஷமும் போச்சு. அம்மாவுக்கும் அன்பரசுக்கும் உள்ள வழியும் சேர்ந்து போச்சு.

“அப்ப பொண்ண உட்டுட்டு வரச் சொல்றீங்களா?” என்றாள் அம்மா.

“நான் எங்க சொன்னேன்? இசைகிட்ட குடு.”

போன் என் கைக்கு வந்தது. அப்பா தலையில் அந்த வெள்ளைத் தொப்பி. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

“நீயே சொல்லும்மா. உன் இஷ்டம்தான்.”

என் இஷ்டமாம். மூன்று பேர் தலையையும் என் மடியில் வைத்துவிட்டு, எழுந்து நிற்பது உன் இஷ்டம் என்கிறார். எனக்கு என்ன வயது என்று முடிவு செய்தபோது கேட்டாரா? பள்ளியில் போய்ச் சொன்னபோது என் இஷ்டம் எங்கே இருந்தது, இடுப்பில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததா? இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

“உடுங்கப்பா. அங்க மீன பச்சையா தின்பாங்களாம். எனக்கு ஒத்துக்காது.”

அப்பா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். ‘வேணாம்மா, கேஸ் போடு’ என்று ஒரு தடவை சொல்லுவார் என்று போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். நானே வேண்டாமென்று சொல்லியிருப்பேன்.

அம்மா ராத்திரி என் தட்டை ணங்கென்று வைத்தாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை போல.

2-6-2025

காலையில் அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “பொறந்தநாள் வாழ்த்துக்கள்மா. பதினெட்டு முடிஞ்சிது, பெரிய மனுஷியாயிட்ட.”

நாலு தடவை கேட்டேன். விளையாட்டில்லை, நிஜமாகத்தான் சொல்கிறார். அத்தனை படிவத்திலும் இந்தத் தேதியை எழுதி எழுதி, அவருக்கு நான் இன்றுதான் பிறந்தேன்.

“தேங்க்ஸ்ப்பா” என்று அனுப்பினேன். கூடவே ஒரு கேக் பொம்மை.

11-7-2025

கடலூரில் பி.காம். கிடைத்துவிட்டது. ஹாஸ்டல். முதல் வாரத்திலேயே வார்டன் குரலில் பேசி ஒரு மாடியையே பிரேயருக்கு இறக்கினேன். புகழ் பரவுகிறது.

23-9-2025

வந்துவிட்டது. அப்பா இனி நிரந்தரம்.

அம்மா போனில் அழுதாள், அன்பரசு கத்தினான். நான் விரல்விட்டு எண்ணினேன். இன்றைக்கு எனக்குப் பதினேழு வயது ஆறு மாதம் பதினான்கு நாள்.

27-12-2025

அப்பா வந்திருக்கிறார், விசா வந்துவிட்ட அம்மாவையும் அன்பரசையும் கூட்டிப்போக. முப்பத்தைந்து நாள் இருப்பாராம். “இனிமே எத்தினி நாள் வேணா ஊர்ல இருக்கலாம்மா, எண்ணிக்க கெடையாது” என்கிறார். இருக்கலாம், ஊரில் யார் இருப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஹாஸ்டல் லீவு. அவருக்கு டீ போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு, மூன்று ஸ்பூன். அன்பரசு வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறான்.

அப்பா ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக முழு டம்ளரையும் குடித்து முடித்தார். “நல்லாருக்கும்மா.”

பதினைந்து வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நிற்கிறவர். நாக்குக்கு உப்புத் தெரியாதா? அம்மாவாக இருந்தால் டம்ளர் பறந்து வந்திருக்கும். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போவது விருந்தாளிகள் வழக்கம்.

டம்ளரைக் கழுவும்போது அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். “நான் போவலடி. தம்பி மட்டும் போவட்டும்.”

“போம்மா. அவன் அங்க தனியா சோறாக்கித் தின்பானா?”

“நீ?”

“எனக்குத்தான் ஹாஸ்டல்ல சோறுன்னு ஒண்ணு போடுறாங்களே.”

30-1-2026

விமான நிலையம். அம்மா மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். அப்பா என் தலையைத் தொட வந்து, தோளைத் தொட்டார். கண்ணாடிக்கு உள்ளே போனபின் அன்பரசு மட்டும் திரும்பிப் பார்த்து, நாக்கை நீட்டினான். நானும்.

கூட வந்த மலர்க்கொடி சித்தி, “லீவுக்கு எங்க வூட்டுக்கு வந்துடு” என்றார். சித்தி வீடு சிதம்பரத்தில். ஒரு ரூம், ஒரு ஹால், அஞ்சு பேர்.

22-2-2026

ஞாயிறு. ஹாஸ்டல் நோட்டில் ‘சித்தி வீடு’ என்று எழுதிவிட்டு, நேராகக் கீரப்பாளையத்தில் போய் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பூட்டிக் கிடந்தால் வீடு வீணாகும் என்று சித்தப்பா இந்த மாதம்தான் வாடகைக்கு விட்டிருக்கிறார். குடிவந்தவர்கள் வெளியூர். என்னைத் தெரியாது. மத்தியான வெயில், தெருவில் ஒருவரும் இல்லை.

கொடியில் சின்னக் குழந்தைத் துணி. ஒரு அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். “யாரு வேணும்?”

“வீடு வாடகைக்கின்னு சொன்னாங்க.” வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“நாங்க வந்து இருவது நாளாச்சே பாப்பா. அடடா, வெயில்ல வந்திருக்கியே. உள்ள வா, தண்ணி குடி.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். அவராகவே சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்க் கஷ்டமில்லை. மோட்டார் சுவிட்சை மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். சமையலறையில் சாயங்காலம் நல்ல காற்று வரும்.

“இந்த ரூம்பு செவுரு பூரா எவளோ பேனாவால கிறுக்கி வெச்சிருந்தா, கண்றாவியா. வெள்ள அடிச்சிட்டோம். இப்ப பளிச்சினு இல்ல?”

“பளிச்சினுதான் இருக்குதுக்கா. வீட்டுக்காரங்க எங்க இருக்காங்க?”

“ஜப்பான்ல. குடும்பத்தோட செட்டிலாயிட்டாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான். குடுத்து வெச்சவுங்க.”

சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். பக்கத்தில் வேறு வீடு காலியானால் சொல்லுங்கக்கா என்றேன். போன் நம்பர் கேட்டார். கொடுத்தேன். பெயர் கேட்டார், அதையும் கொடுத்தேன். இரண்டையும் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.