கடற்பன்றியைப் பசுவாக்கிவிட்டார்கள், காக்கா

என் துஆவில் ஒருநாளும் விடுபடாத, உடன்பிறந்த மூத்த காக்கா,

நீங்கள் கபுறு மண்ணுக்குப் போன பிறகு நம் களப்புக் கடலில் ஒரு பேர் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை என்னைப் போலக் கடிதம் எழுத ஆளில்லை. உங்களுக்குத் தெரியாததா?

நம் கடற்பன்றி இருக்கிறதே, தாயும் குட்டியுமாய் எத்தாளைக் கரைக்கு நேரே கடற்புல் மேய வருகிறது. தாய் ஒரு பஸ் நீளம். அது மூச்சுவிட எழும்பினால் என் தோணி தானாக நுரைச்சோலைப் பக்கம் திரும்பிவிடும். என்னைக் கண்டால் தலையாட்டும்.

இத்தனை காலமும் அதைக் காப்பாற்றியது சட்டமா? பேர்தான். பன்றி என்று சொன்ன பிறகு நம் ஆட்களில் எவன் அதைச் சட்டியில் வைப்பான்? தப்பித்தவறி வலையில் பட்டபோது நீங்களே வலையை அறுத்து விட்டீர்கள்.

இப்போது கொழும்பிலிருந்து நல்ல மனசுள்ள சிலர் வந்து கரையில் பலகை நட்டிருக்கிறார்கள். 'கடற்பசுவைக் காப்போம்.' பசுவாம்!

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வருகிறேன், உங்கள் மகன் றிஸ்வான் பெரிய வலையைத் தோணியில் ஏற்றுகிறான்.

"எங்கடா?"

"புல்லுப் பக்கம், சாச்சா. மாடு ஒண்டு நிக்கிதாமே."

"அது பண்டிடா! ஹராம்!"

"போர்ட வாசிங்க. பசு எண்டு ஈக்கிது. படிச்ச ஆக்கள் பொய்யா எழுதுவாங்க?"

"சாச்சாக்கும் ஒரு கிலோ எடுத்து வைடா," என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பொலிஸ் பிடிக்கும், மறியலில் அடைக்கும் என்று கத்திப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் உங்களை இழுத்துவிட்டேன், காக்கா.

"ஒன்ட வாப்பா மௌத்தாக முந்தி என்ட கையப் புடிச்சி, 'அந்தப் பண்டிய என்ட புள்ள தொட்டா என்ட கபுறடிக்கு வரப்படாது' எண்டு சொன்னாரு."

சிரிப்பு நின்றது. றிஸ்வான் வலையைக் கரையில் இறக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. கடைசி நேரத்தில் உங்கள் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தானே? நீங்கள் வாய் திறந்து தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

ஆனால் சிரித்தவர்களிடமும் வலை இருக்கிறது. அவர்களுக்கு எந்த வாப்பாவைக் கொண்டு வருவேன்? இன்று காலையில் தாய், குட்டி இரண்டின் மூச்சும் கேட்டது. நாளைக்கு?

குட்டி பெரிதாகும் வரை என் தோணி அந்தப் புல்லின் மேலேதான் கிடக்கும். வருகிறவனிடமெல்லாம் அவனவன் வாப்பா சொன்னதாக ஒன்றைச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். உங்கள் வாயில் நான் வைத்த சொல்லுக்கு மட்டும், அங்கே வந்து நேரில் மன்னிப்புக் கேட்பேன்.

உங்கள் கடைசித் தம்பி,
றிஸ்வானின் சாச்சா