அம்மாவின் பாஸ்போர்ட்டில் விழுந்த ரயில் முத்திரை

சாவ்ஜோ,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷு-நிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், ஸ்கூட்டர் கடையும் சுகம், வாசல் நாயும் சுகம். நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் அம்மா தினமும் அங்கிருந்து போன் செய்து சொல்லத்தான் செய்கிறாள், ஆனாலும் அப்பன் கேட்காமல் இருக்க முடியுமா, உடம்பு எப்படி இருக்கிறது, தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, பேரன் இரவில் தூங்க விடுகிறானா? கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். ஜப்பானில், குமாமோத்தோவில் இருக்கிற உன் வீடு சின்னது, நீ போனை எடுத்தால் நான் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும், உன் அம்மாவின் காதைப் பற்றி உனக்குத் தெரியாததா? அவள் காதில் விழக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அவள் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரமாகப் பார்த்துப் படி.

பாஸ்போர்ட்டில் ரயில் நிலைய முத்திரையைக் குத்திக்கொண்டு போய் விமானத்தைத் தவற விட்டாளே, ஏன் அப்படிச் செய்தாய் என்று நீ கேட்டபோது, "அழகா இருந்துச்சு, குத்திட்டேன்" என்று சொன்னாள் இல்லையா? அது பொய். நானும் முதலில் அதைத்தான் நம்பினேன்.

நீ உண்டானது தெரிந்த அன்றைக்கே உன் அம்மா பயணத்துக்குத் தயாராக ஆரம்பித்துவிட்டாள். பிரசவம் ஆன பெண்ணுக்கு ஒரு மாதம் யார் சமைத்துப் போடுவது என்ற பேச்சே எழவில்லை, அவள்தான் போகிறாள், கடையை விட்டு நான் நகர முடியாது, அவ்வளவுதான். கறுப்பு எள் நல்லெண்ணெய் செக்கில் ஆட்டி வாங்கியாயிற்று, சிவப்புப் பேரீச்சை வாங்கியாயிற்று, காய்ந்த பன்றி இறைச்சியையும் வாங்கி மூட்டை கட்டியிருந்தாள், இறைச்சி எதையும் ஜப்பானுக்குள் விட மாட்டார்கள், அபராதம் போடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு அதை எடுத்து வெளியே வைத்தாள். சுங்கத்துக்கான விவரங்களை மாப்பிள்ளையே கணினியில் நிரப்பி அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கியூஆர் படத்தை அனுப்பிவைத்தார், அதை இவள் போனில் தொலைத்து விடுவோமோ என்று பயந்து புகைப்படக் கடையில் அச்சடித்துப் பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, சட்டைக்குள் ஒன்று வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் டிக்கெட், உன் வீட்டு விலாசம், எல்லாம் தனித்தனி உறையில். பிறகு என்னைக் குடிவரவு அதிகாரியாக்கினாள். ரிப்பேருக்கு வந்த ஸ்கூட்டர் மேல் நான் உட்கார்ந்திருப்பேன், அவள் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டி, "மகளைப் பார்க்க வந்தேன், குழந்தை பிறந்திருக்கிறது" என்று ஜப்பானிய மொழியில் ஒப்பிப்பாள். "ம்ஹூம், திரும்பிப் போ" என்று நான் விளையாட்டுக்குச் சொன்னால், "தூ, வாயைக் கழுவுங்க" என்று திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்வாள். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அன்றைக்குக் காவ்சியூங் விமான நிலையத்தில் நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்தது உன் வயதுப் பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். சிவப்பு மையில் சாவ்ஜோ நிலையம், ரயில் படத்தோடு. எதிர்ப் பக்கத்தில் பிங்துங் நிலையம், ஊதா மை. ரயில் நிலையங்களில் ஞாபகத்துக்குக் குத்திக்கொள்ள மேசை மேல் கட்டி வைத்திருப்பார்களே, அதே முத்திரைகள்தான். "இது என்னம்மா?" என்று கேட்டாள். "நான் போயிட்டு வந்த ஊருங்கம்மா" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் எழுந்து போய் மேலதிகாரியை அழைத்து வந்தாள், அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், ஏற்கெனவே உள்ளே போயிருந்த பெட்டியைத் திரும்ப இழுத்து வந்து எங்கள் காலடியில் வைத்தார்கள். நான் சத்தம் போட்டேன், மறைக்கவில்லை. "கவர்மென்ட் ரயிலோட முத்திரைதானம்மா, கள்ள முத்திரையா குத்தியிருக்கோம்?" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஐயா, கண்ட முத்திரை விழுந்தா பாஸ்போர்ட் கெட்டுப்போனதா கணக்கு. இப்ப ஏத்தி அனுப்பினா அங்க இறங்கின உடனே திருப்பி அனுப்பிடுவாங்க, அம்மா தனியா தவிச்சுப் போயிடுவாங்க. புதுசு எடுத்துட்டு வாங்க ஐயா" என்றாள். பின்னால் ஒரே நிறத்தில் தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டம் நின்றது, அதில் யாரோ, "ரயில் டிக்கெட்டை வச்சுக்கிட்டு பிளேன் ஏற வந்திருக்காங்கப்பா" என்று சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். உன் அம்மா அவர்களைப் பார்த்து, தாமதமாக்கியதற்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்கு நெஞ்சு வெந்தது அப்போதுதான்.

அங்கிருந்தே உனக்குப் போன் செய்தாள். மறுநாள் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டும், மாப்பிள்ளைக்கு லீவு முடிகிறது, கைக்குழந்தையோடு நீ தனியாக இருக்கப் போகிறாய், உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. "சின்னப் பிள்ளையாம்மா நீ? பாஸ்போர்ட்ல போய் யாராவது விளையாடுவாங்களா? நீ வரவே வேணாம், விடு" என்று நீ சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவள் "சரி, சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

ரயிலில் திரும்பி வந்தோம். பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தவள், ஃபெங்ஷான் நிலையம் தாண்டியதும் தானாகச் சொன்னாள். கோயில் பஜனைக்கு வருகிற சியூ-கிம் அக்கா இருக்கிறாளே, வருஷா வருஷம் ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவள், அவள் சொன்னாளாம், "அறுபது வயசு வரைக்கும் ஒரு முத்திரைகூட இல்லாம காலி பாஸ்போர்ட்டோட போனா சந்தேகப்படுவாங்க, தனி அறைக்குக் கூட்டிட்டுப் போய் ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்று. சியூ-கிம் எதையும் ஊதிப் பெரிதாக்குகிறவள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் இவளுக்கு அது மனசில் குத்திவிட்டது. "ஒண்ணுமே இல்லாத புத்தகத்தை நீட்ட வெட்கமா இருந்துச்சுங்க. இந்தப் பொம்பள வாழ்நாள்ல எங்கயுமே போனதில்லன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடும்ல. நாலு ஊர் போனவ மாதிரி இருக்கட்டுமேன்னு குத்தினேன். விலாங்கு ஃபாக்டரியில இத்தனை வருஷம் இந்தக் கையால சுத்தம் பண்ணின மீனெல்லாம் ஜப்பான் போயிடுச்சு, நான்தான் போகல" என்றாள். சொல்லிவிட்டு, "ஷு-நிங்கிட்ட சொல்லிடாதீங்க, விளையாட்டுக்குக் குத்தினேன்னே நினைச்சுக்கட்டும்" என்றாள். ஷு-நிங், மகளுக்கு முன்னால் தான் ஊர் உலகம் தெரியாதவளாக நிற்பதைவிட, விளையாட்டுப் புத்திக்காரி என்று பெயர் வாங்குவது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பட்டாளத்தில் கின்மென் தீவுக்குக் கப்பலில் போனதைத் தவிர நானும் எங்கே போனேன்?

வீட்டுக்கு வந்த பிறகு பெட்டியைத் திறக்கவே இல்லை, புதுப் பாஸ்போர்ட்டுக்குப் போவோம் என்றால், "நீங்க வேணா போங்க, என்னை அவ வர வேணாம்னுட்டா" என்று படுத்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது, இது உனக்குத் தெரியாது, நீ உள்ளறையில் படுத்திருந்தபோது அடுப்படியிலிருந்து ரகசியமாகப் பேசினார். நம் மொழியை அவர் பேசுகிற அழகுதான் உனக்குத் தெரியுமே. "அத்தை, நான் மசாஹிரோ. இஞ்சி கோழி சமைக்கிறேன். ஷு-நிங் அழுகுது. நல்லெண்ணெய் நிறைய புகை வருது. இது சரியா?" என்றார். உன் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அடுப்பை அணைங்க மாப்பிள்ளை! நல்லெண்ணெயை அப்படிக் காய்ச்சினா கசந்து போயிடும், சிறு தீயில இஞ்சி ஓரம் சுருங்குற வரைக்கும்தான்!" என்று கத்தினாள். அவர், "சிறு தீ எந்த பொத்தான்?" என்று கேட்டார். அவ்வளவுதான். போனை என் கையில் திணித்துவிட்டு, "என் பிள்ளைக்குக் கரிச்சட்டிய ஊட்டப் போறாரு" என்று சொல்லிக்கொண்டே புதுப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய குடும்பப் பதிவுச் சான்றைத் தேட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையிலேயே காவ்சியூங் பாஸ்போர்ட் ஆபீஸில் நின்றோம், புகைப்படத்துக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், அவசரமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கினோம். பழைய புத்தகம் எப்படிக் கெட்டது என்று அங்கே கேட்டதற்கு நான் வாயைத் திறக்குமுன் அவளே, "நான்தாங்க தெரியாம குத்திட்டேன்" என்று சொன்னாள், அவர்கள் இது போலப் பலபேர் வருகிறார்கள் என்று சொன்னதும் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

புதுப் பாஸ்போர்ட்டோடு போன அன்றைக்கும் விமான நிலையத்தில் அதே பெண்தான் இருந்தாள். நான் பக்கத்து வரிசைக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். உன் அம்மா கையை விலக்கிக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்க, நான் போயிட்டு வர்றேன்" என்று பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு அவளிடமே போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள், சிரித்தாள். "சுத்தமா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்றாள். உன் அம்மா நிமிர்ந்து, எனக்கே கேட்கிற சத்தத்தில், "ஆமாம்மா, நான் இதுவரைக்கும் எங்கயும் போனதில்ல. இதுதான் முதல் தடவை. பேரனைப் பார்க்கப் போறேன்" என்றாள். "அப்படின்னா ஜன்னல் பக்கமாப் போட்டுத் தர்றேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை.

அங்கே இறங்கியதும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். விரல் ரேகை எடுத்தார்களாம், முகத்தைப் படம் பிடித்தார்களாம், பாஸ்போர்ட்டில் ஒரு சின்னச் சீட்டை ஒட்டினார்களாம், போகச் சொல்லிவிட்டார்களாம். "ஒரு கேள்வியும் கேக்கலங்க. அவ்வளவு மனப்பாடம் பண்ணினேன், எல்லாம் வீணாப் போச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், கதவைத் திறந்தவள் நீதானே.

இப்போது நான் சொல்ல வந்தது இதுதான். பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, தூக்கம் இல்லாமல், பயத்தில் நீ பேசிவிட்டாய், அதற்காக உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவளுக்கும் இருக்காது. ஆனால் காரணத்தைத் தெரியாமல் நீ இருக்கக் கூடாது என்று பட்டது. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. எதிரே உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டு அழாதே, அவளுக்குக் கூச்சமாகிவிடும், எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களின் கடையில் நிற்கிறேன், ஏதாவது வேலை செய்கிறேன் என்று அவள் கிளம்பினால் விடாதே, பார்க்க வந்தவர்கள் சம்பாதிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம் என்று மாப்பிள்ளை சொன்னார். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கவும் கூடாது, திரும்பும் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வை. நீயும் தலைக்கு ஈரம் படாமல் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, மாப்பிள்ளையைச் சமையலறைப் பக்கம் போகவிடாதே.

நம் குலதெய்வம் உங்கள் மூன்று பேரையும், உன் அம்மாவையும் சேர்த்து நாலு பேரையும் கண்ணிமை போல் காக்கட்டும். பேரன் நோய் நொடி இல்லாமல் வளரட்டும், நீ பால் பொங்கப் பொங்க நலமாயிரு.

இதைப் படிக்கிற அன்று ராத்திரியும் அவள் கோழி சூப் கொண்டுவந்து வைப்பாள். உப்பு கூடக்குறைய இருந்தாலும் ஒன்றும் சொல்லாதே. குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றும்மா என்று கேள். அது போதும் அவளுக்கு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா