பிளேயர் விழுங்கிய நாலு நொடி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும், கல்யாணப் பெண்ணாகிவிட்ட குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ நடுவில் நடுவில் "சரிம்மா" போடுவாய், நான் சொல்ல வந்தது அறுந்துபோகும். போன வியாழக்கிழமை நீ சொன்ன ஒரு "சரிம்மா" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் கடிதம். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும். நடுவில் மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

நீ கொடுத்தனுப்பிய லேப்டாப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று யார் கண்டது. உன் அப்பா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை, வழியில் எவனோ எடுத்துவிட்டான் என்று ஆரம்பித்துவிட்டார். உன் கல்யாண கேசட்டை அங்கே கடையில் கொடுத்து அதற்குள் ஏற்றி அனுப்பியிருந்தாய். கூடவே நீ சொன்னதை நான் ஒரு எழுத்து மறக்கவில்லை. "நான் பாக்கலம்மா, நீயே பாத்துட்டுச் சொல்லு. நீ சொன்ன மாதிரிதான் நடந்துதுன்னா அத்தைய நான் கூப்பிடல. இல்லன்னா குட்டி கல்யாணத்துக்கு அத்தை வந்தே ஆகணும்" என்றாய். நான் இருபத்துநாலு வருஷமாகச் சொல்லிவருவது உனக்கே மனப்பாடம். மேடையில் குடும்பப் போட்டோவுக்கு எல்லோரும் நிற்கிறோம், என் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள், சாப்பிடாமலே போனாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பாசிப்பச்சைப் புடவை, அரக்குக் கரை, வலது கையில் ஆறு வளையல். இத்தனை ஞாபகம் வைத்திருக்கிறவள் தப்பாகச் சொல்வாளா என்று நான் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் பேச்சை நிறுத்தினேன், உன்னையும் நிறுத்த வைத்தேன். நீ அவள் மடியில் வளர்ந்த பெண் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது, இருந்தும் செய்தேன்.

லேப்டாப்பில் படம் இருந்தது, தட்டினால் திறக்கவில்லை. மாடியில் குடியிருக்கும் டீச்சரைக் கூப்பிட்டேன். இதை ஓட்ட ஒரு பிளேயர் வேண்டும் என்று சொல்லி எங்கிருந்தோ ஒன்றை இறக்கினார். அது இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுநடுவே அது ஏதேதோ சம்மதம் கேட்டது, டீச்சர் எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தட்டினார், வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். படம் ஓடியது என்று சொல்ல முடியாது, நொண்டியது. பாட்டு முன்னால் போகும், படம் பின்னால் வரும், திடீரென்று நிற்கும், ஒரே தாவாகத் தாவும். லேப்டாப்பின் அடிப்பக்கம் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. போட்டோ எடுக்கும் இடம் வந்தது. உன் அத்தை வரிசைக் கடைசியில் நிற்கிறாள். படம் மூச்சுப் பிடித்து நின்றது, தாவியது, தாவி விழுந்த இடத்தில் அவள் படி இறங்கிக்கொண்டிருக்கிறாள், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் கைதட்டிவிட்டேன். "பாத்தீங்களா டீச்சர், நான் பொய்யா சொல்றேன்?" என்றேன். உன் அப்பாவையும் இழுத்துவந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "தண்ணி வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்று குழாயடிக்குப் போய்விட்டார்.

டீச்சருக்குத்தான் மனசு ஒப்பவில்லை, அத்தை விஷயத்தில் இல்லை, அந்த மெஷின் விஷயத்தில். "இது லேசான லேப்டாப் பெரியம்மா, இவ்ளோ கனமான பிளேயரத் தாங்காது. திணறினா நடுவுல கொஞ்சம் படத்த விட்டுட்டு ஓடும். இத எடுத்துட்டு சின்னதா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார். எடுப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே போய், பட்டியலில் பேரைத் தேடி, நீக்கு என்று தட்டினால், நிஜமாகவே நீக்கவா என்று அது திருப்பிக் கேட்கிறது. அதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சின்ன பிளேயர் நாலு நிமிஷத்தில் இறங்கியது. டீச்சர் பரீட்சைத்தாள் திருத்தவேண்டும் என்று மாடிக்குப் போனார். நான் தனியாக உட்கார்ந்து, அவள் இறங்குவதை இன்னொரு தரம் பார்த்து ரசிக்கலாம் என்று போட்டேன்.

இந்தத் தரம் படம் தடங்கல் இல்லாமல் ஓடியது, அதுதான் வினையாகப் போயிற்று. உன் அத்தை நிற்கிறாள். போட்டோக்காரர் ஏதோ சொல்கிறார், இடம் போதவில்லைபோல. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை அவள் பக்கம் இரண்டு தரம் வீசுகிறேன். ஈ ஓட்டுவதுபோல. பாட்டு போட்டு மூடியிருப்பதால் சத்தம் கேட்கவில்லை, ஆனால் என் வாய் எனக்குத் தெரியாதா, "எறங்கு எறங்கு" என்கிறேன். அவள் ஒரு கணம் தன்னைத்தான் சொல்கிறேனா என்று என்னையே பார்க்கிறாள். அப்புறம்தான் முகம் திரும்புகிறது, இறங்குகிறாள். அந்த இடத்தில் என் தங்கையை இழுத்து நிறுத்துகிறேன், சிரிக்கிறேன். நாலு நொடி. கனமான பிளேயர் விட்டுவிட்டு ஓடிய அதே நாலு நொடியைத்தான் நானும் இத்தனை வருஷமாக விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பாசிப்பச்சையும் ஆறு வளையலும் சரியாகத்தான் இருந்தன. கை மட்டும் ஞாபகத்தில் இல்லை. இன்னொன்றும் இருந்தது. இறங்கியவள் உடனே போகவில்லை. மேடைக்குக் கீழே நீ கழற்றிவிட்டிருந்த செருப்பு பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தது. குனிந்து இரண்டையும் எடுத்து, நீ இறங்கியதும் கால் நுழைக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அதை மெதுவாக ஓட்டவும் அந்தப் பிளேயரில் வழி இருந்தது, ஏழு தரம் பார்த்தேன். பிறகு நோட்டைப் பிரித்து, அதில் எழுதியிருந்தபடி பிளேயரை எடுத்துவிட்டேன். நிஜமாகவே நீக்கவா என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினேன். படமும் அதோடு தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள்தான் நீ போன் செய்தாய். நான் சொன்னபடியேதான் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். கேசட்டும், கடையில் ஏற்றிய படத்தில் ஒரு பிரதியும் உன்னிடம்தான் இருக்கின்றன, நீயே போட்டுப் பார்க்கலாம், ஆனால் அம்மா சொன்னால் போதும் என்று இருந்துவிடுவாய், அது தெரிந்துதான் சொன்னேன். நீ சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரிம்மா" என்று வைத்துவிட்டாய்.

சனிக்கிழமை டீச்சர் வந்து பார்த்தார். "பிளேயரத்தான் எடுத்திருக்கீங்க பெரியம்மா, படம் இருந்த எடத்துலயே இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் உன் அப்பாவைக் கேட்டேன், உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா என்று. "பக்கத்துலதானே நின்னேன். சொல்லலாம்னு இருபத்துநாலு வருஷமா பாக்கறேன், நீ மூச்சு விட்டாத்தானே" என்றார். மாதம் ஒரு தரம் முடி வெட்டப் போகிறேன் என்று தன் தங்கை வீட்டுக்கு, உன் அத்தை வீட்டுக்குத்தான், போய்வருகிறவர் அவர். அந்தத் தலையில் வெட்ட என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாதா. தெரியாததுபோல இருந்தேன், அது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்த நல்லது.

சின்ன பிளேயரை நேற்று நானே போட்டுவிட்டேன், டீச்சரைக் கூப்பிடவில்லை. இனி எடுக்கமாட்டேன். நீயும் பார், நாற்பத்தோராவது நிமிஷத்தில் வருகிறது, கனமான பிளேயரில் பார்க்காதே. பார்த்துவிட்டு என்மேல் கோபப்படு, தப்பில்லை. அப்புறம் அத்தைக்குப் போன் செய், அம்மாதான் கூப்பிடச் சொன்னாள் என்று சொல். நானே கூப்பிட்டால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும், என்னை உனக்குத் தெரியும். அதற்காக எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதே, உன் கல்யாணத்துக்கு முன்னால் என் பெரிய குக்கரை வாங்கிப்போய் நெளித்துக் கொடுத்தாளே, அது அப்படியேதான் இருக்கிறது.

கல்யாண வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. குட்டி இரவெல்லாம் போனைப் பார்க்கிறாள் என்றாயே, கண்ணைச் சுற்றிக் கருத்துப்போனால் எந்தப் பூச்சும் மறைக்காது என்று சொல். மாப்பிள்ளை முதுகுவலியோடு மூட்டை தூக்கவேண்டாம். குட்டியும் அவள் கட்டிக்கொள்ளப்போகிறவனும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், உனக்கு நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ஒன்றை மறக்காதே. குட்டி கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கும்போது உன் அத்தையை என் இடது பக்கத்தில் நிறுத்து. நீ எங்களுக்குப் பின்னால் நில். பழக்கத்தில் என் கை அசைந்தால், பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா